பிணம் நிற்கக் கூடாது

கஜபதி எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் உருப்படியாக எழுந்து பேசியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் உட்கார்ந்தே இருந்திருந்தால் திருவொற்றியூருக்குக் கோடி புண்ணியம்.

விஷயம் இதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் குளிரூட்டப்பட்ட பஸ் நிழற்குடை ஒன்றைத் திறந்துவைக்கப் போன அவருடைய கார், ஒரு சாவு ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அந்த ஊர்வலத்துக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர் லாரிகள் நின்றன. துறைமுகத்துக்குள் நுழைய முறைக்குக் காத்திருக்கும் அந்த லாரிகள் நேற்றும் நின்றன, நாளையும் நிற்கும். ஆனால் லாரி நிற்பது வளர்ச்சி. பாடை நிற்பது இடையூறு. எம்.எல்.ஏ.வின் கண்ணில் பட்டது பாடைதான். அங்கே ரிப்பன் காத்திருந்தது, கத்தரிக்கோல் காத்திருந்தது, நிழற்குடைக்குள் குளிர் வீணாகிக்கொண்டிருந்தது.

அவர் பேசினார். சட்டம் வந்தது. பெயர், இறுதிப் பயணக் கண்ணியச் சட்டம். அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சாவு மேளம் அடிக்கக் கூடாது. வெடி போடக் கூடாது. ரோட்டில் பூ இறைக்கக் கூடாது. பாடையைத் தோளில் தூக்கக் கூடாது. மூடிய வண்டியில் ஏற்றினால் வீட்டிலிருந்து நேராகச் சுடுகாடு. ஏழாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது: சடலம் பொது வழியில் எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படலாகாது. அறிவிக்கப்பட்ட பகுதிகள் எவை என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு. கூவத்துக்குத் தெற்கே யாரும் சாவதில்லை என்று அரசாங்கத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு முதல் போணி அப்பாவு.

பகலில் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளை லாரியோடு பூட்டும் வேலை. மற்ற நேரமெல்லாம் சாவு மேளம். எர்ணாவூர் குடிசை மாற்று வாரிய வீடுகளில் ஆரம்பித்து ராயபுரம் வரைக்கும் யார் செத்தாலும் முதலில் டாக்டருக்குச் சொல்வார்கள், அடுத்து அப்பாவுவுக்குச் சொல்வார்கள். அவசரமென்றால் டாக்டரை விட்டுவிடுவார்கள். அவர் கை தோலில் விழுந்தால் சொத்துத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் கட்டிக்கொண்டு அழுவார்கள். மேளம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தகராறைத் தொடர்வார்கள். அதற்கு அப்பாவு பொறுப்பில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் யார்டுக்குப் போகும்போது, மூன்றாவது மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். ஐஸ் பெட்டி வந்தது. அவருடைய செட்டு ஆட்கள் கூப்பிடாமலே மேளத்தோடு வந்தார்கள். டோலக்கு ரஹீம், அப்பாவுவோடு சின்ன வயசிலிருந்து ஒட்டிக்கொண்ட தோஸ்து, அழுதுகொண்டே முதல் அடி அடித்தான். அந்த ஒரு சுற்று முடிவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. மேளம் எல்லாம் ஜீப்பில் ஏறியது. அப்பாவு மூடிய வண்டியில் ஏறினார்.

அப்பாவுவின் தங்கை பூமாரி மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் வாய்க்கரிசி போடாமல் அண்ணன் போகலாமா? வண்டி தெருமுனைக்கு வந்தபோது பூமாரி ரயிலடியிலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வருவது தெரிந்தது. அப்பாவுவின் மனைவி வேம்பு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வண்டி நின்றது. பூமாரி ஏறினாள், அரிசியைப் போட்டாள், இறங்கினாள். அவ்வளவுதான். எஸ்.ஐ. ஏழாம் பிரிவில் கேஸ் எழுதினார்: சடலம் நின்றது, நிறுத்தியவர் வேம்பு.

துக்கம் விசாரிக்கக் கஜபதி எம்.எல்.ஏ.வும் வந்திருந்தார். கூடவே ரெண்டு கேமராவும் வந்திருந்தது. “எவ்வளவு கண்ணியமான பயணம் பாருங்கள்” என்று கேமராவிடம் எழுத்துத் தமிழில் சொன்னார். பிறகு வேம்புவிடம் குனிந்து, ஊர்த் தமிழில், “யக்கா, சத்தமில்லாம போறதும் ஒரு அயகுதான்” என்றார்.

வேம்பு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது எர்ணாவூருக்கே தெரியும். எம்.எல்.ஏ.வுக்குத்தான் தொகுதிப் பக்கம் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி நடக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு ஏற்றவில்லை.

“மோளம் இல்லாம போனவரு போனவரே இல்ல” என்றாள் வேம்பு. “இன்னும் தெருமுனைலதான் நிக்கிறாரு. அந்தச் சட்டம் தப்புன்னு கவுர்மென்ட்டே எயுதிக் குடுக்கணும், மோளம் வூட்டுக்கு வரணும், அப்பாலதான் மாலை.”

மகன் நிலவன் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நியாயஸ்தன், அதாவது சண்டைக்குப் பயந்தவன்.

“யம்மா, ஃபைனு கட்டிட்டா மோளத்த குட்த்துருவாங்கோ. நான் கட்டிட்டு வந்துர்றேன், வுடு.”

“கட்டு. கட்டிட்டு அப்டியே எங்கனா போயிடு, வூட்டாண்ட வராத. தப்பு பண்ணோம்னு ஒத்துகினுதான ஃபைனு கட்டணும்? உங்கப்பன் செத்தது தப்பா, நான் அரிசி போட வச்சது தப்பா? எது தப்புன்னு சொல்லிட்டுக் கட்டு.”

நிலவன் கட்டவில்லை.

வேம்பு காசிமேட்டில் எறா உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்து, உணர்ச்சியே இல்லாமல் தலை ஒருபக்கம், ஓடு ஒருபக்கம் என்று பிய்த்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோபத்துக்கு ஏற்ற வேலை. அங்கேதான் ஒரு மதியம் சங்கமித்ரா விஷயம் கேள்விப்பட்டு வந்து, கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல் உட்கார்ந்தாள். வியாசர்பாடிப் பெண், அப்பா அம்பேத்கர் மன்றத்தில் பொருளாளர், வீட்டில் புத்தர் படம், இவள் ஐகோர்ட்டில் வக்கீலாகி ஐந்தாறு வருஷம். கறுப்பு கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தாள், எறா நாற்றம் ஏறக் கூடாதென்று.

“ஃபைனு கட்டாதது நல்லதாப் போச்சு பெரிம்மா” என்றாள். “ஆனா அந்த கேஸு நடக்குற மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டுல போயி சட்டமே தப்புன்னு சொன்னா எடுபடாது. சட்டப்படி நீ தப்பு பண்ணியா இல்லியான்னு பாக்குறதுதான் அவங்க வேல. சட்டமே சரியா தப்பான்னு கேக்கணும்னா ஐகோர்ட்டு. ரெண்டு ஜட்ஜு உக்காந்து கேப்பாங்க. கவுர்மென்ட்டுல பெரிய வக்கீலுக்கு நோட்டீஸு போவும்.”

“போவட்டும். மனு போடு.”

“யாரு வேணா போட முடியாது. அந்தச் சட்டத்தால யாரு பாதிக்கப்பட்டாங்களோ அவங்கதான் போடலாம்.”

“பாதிக்கப்பட்டவரத்தான் எரிச்சிட்டாங்களே.”

“அதனாலதான் நீ. உம்மேல கேஸு கீது, மோளம் ஸ்டேசன்ல கீது, நீ பொண்டாட்டி. உன்ன மாதிரி பாதிக்கப்பட்டவ தேடுனாலும் கெடைக்க மாட்டா.”

“ரொம்ப பெருமதான்” என்றாள் வேம்பு, ஒரு எறாவின் தலையைத் திருகியபடி.

“ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கோ. கோர்ட்டு மொதல்ல சட்டம் சரின்னுதான் நெனச்சிக்கும். தப்புன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம பாடு. அது வரிக்கும் சட்டம் உசுரோடதான் கீது.”

“எங்க பசங்கள புட்ச்சா மொதல்லயே திருடன்னு நெனைக்கிறீங்கோ. சட்டத்த மட்டும் மொதல்லயே யோக்கியன்னு நெனைப்பீங்களா?”

கொட்டகையே சிரித்தது. சங்கமித்ராவும் சிரித்துவிட்டு, “இத்த அப்டியே ஜட்ஜாண்ட சொல்ல முடியாது பெரிம்மா, வேற மாதிரி சொல்றேன்” என்றாள். “அரசியலமைப்புல எல்லாரும் சமம்னு போட்டுக்குது. ஆனா இந்தச் சட்டம் நம்ம ஏரியாவுக்கு மட்டும் கீது. மைலாப்பூருல பொணம் நிக்கலாம், எர்ணாவூருல நிக்கக் கூடாதா? அங்க புடிப்போம் அவங்கள.”

“புடி. கெட்டியா புடி. எனக்கு சட்டம் போனா போதாது. அவன் மூஞ்சி போவணும்.”

“யாரு மூஞ்சி?”

“கஜபதி மூஞ்சி.”

“அதுக்கு ஐகோர்ட்டுல பிரிவு இல்ல பெரிம்மா.”

மனு தயாரானதும் வேம்பு அதை ஒரு நாள் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். மாலை இல்லாத படத்துக்கு முன்னால் வைத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டிக் கொடுத்தாள். ஐகோர்ட் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. குறைபாடு: பக்கங்களில் மஞ்சள் கறை. சங்கமித்ரா மறுபடி அச்செடுத்துத் தாக்கல் செய்தாள். இந்தத் தடவை கற்பூரம் மட்டும் காட்டினார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது வாய்தா. அரசுத் தரப்பில் ஒரு நாள் பதில் மனு தயாராகவில்லை. ஒரு நாள் தயாரானது, கையெழுத்தாகவில்லை. ஒரு நாள் கையெழுத்தானது, பெரிய வக்கீல் ஊரில் இல்லை. வேம்பு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரஹீமோடு பஸ் ஏறிப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வடகிழக்குப் பருவமழை வந்து, சடையங்குப்பத்தை ஒரு தடவை முங்கவைத்துவிட்டுப் போனது. அனல் மின்நிலையச் சாம்பல் மறுபடியும் கொடியில் காயும் துணிமேல் வந்து உட்கார்ந்தது. படம் மாலையில்லாமலே இருந்தது.

கடைசியில் ஒரு நாள் நீதிபதிகளில் மூத்தவர் சட்டத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கூவத்துக்குத் தெற்கே ஒரு இடம்கூட இல்லையே, ஏன்?”

“ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, மை லார்ட்” என்றார் அரசு வக்கீல்.

“தெற்கே யாராவது சாகிறார்களா என்ற ஆய்வா?”

கோர்ட்டில் சிரிப்பு. வரும் திங்கட்கிழமைக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் சட்டத்துக்கு இடைக்காலத் தடை போடுவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி. சங்கமித்ரா வெளியே வந்ததும் வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பர்மா பஜார் பக்கம் நின்று மூன்று பேரும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தின்றார்கள். ரஹீம் தட்டின் விளிம்பில் விரலால் தாளம் போட்டான்.

“திங்கக்கெயம தடை வந்துரும் அண்ணி. மோளம் வந்துரும்.”

“வரட்டும், அப்பால ஆடு” என்றாள் வேம்பு.

சனிக்கிழமை கஜபதியின் அம்மா தாயம்மா செத்துப்போனாள்.

தாயம்மா திருவொற்றியூர் தேரடியில் நாற்பது வருஷம் மீன் விற்றவள். மகன் எம்.எல்.ஏ. ஆனதும் அவள் மீன் விற்பது கௌரவக் குறைச்சல் என்று அவளை ஏ.சி. அறையில் வைத்துப் பூட்டினார்கள். கிழவி அங்கே வாசம் இல்லாமல் வாடிப்போனாள். ஆனால் யாருக்கும் அவள்மேல் ஒரு கசப்பும் கிடையாது. அப்பாவுவைப் பார்க்கும்போதெல்லாம் கத்துவாள்: “டேய் அப்பாவு, என் சாவுக்கு நீதாண்டா. தேரடிலேந்து சுடுகாடு வரிக்கும் அடிக்கணும். நடுவுல டீ குடிக்கப் போன, பாடைலேந்து எழுந்துருவேன்.” அப்பாவு, “நீ மொதல்ல சாவு ஆயா, அப்பால பாக்கலாம்” என்பார். கடைசியில் அவர்தான் முந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கஜபதி எர்ணாவூர் வாரிய வீட்டு மாடிப்படி ஏறினார். கேமரா இல்லை. வேர்த்து, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது ஆளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வேம்பு காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“யக்கா, அம்மா பூட்டாங்க.”

“கேள்விப்பட்டேன். நல்ல மனுசி.”

“கடேசி வரிக்கும் மோளம், மோளம்னுதான் சொல்லிகினு இருந்தாங்க. பூப் பாடை வேணும், ஊரே பாக்கணும்னாங்க.”

“பாவம்.”

கஜபதி முட்டிபோட்ட மாதிரி வாசல்படியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு உங்க கேஸு வர்து. நான் மேல பேசிட்டேன். தடை போட்டா ஆட்சேபண இல்லன்னு கவுர்மென்ட்டு வக்கீலு சொல்லிடுவாரு. உங்க வக்கீலு எழுந்து நின்னு தடை குடுங்கன்னு கேட்டா போதும், பகலுக்குள்ள ஆர்டரு. சாய்ங்காலம் அம்மாவ எடுக்குறோம். ரஹீமு செட்டுதான். ஸ்டேசன்ல கீற மோளத்த நானே எட்த்தாந்து குடுக்குறேன். உங்களுக்கும் ஜெயம், எனக்கும்…”

“கவுர்மென்ட்டே தடை வாங்கிக்கலாமே.”

“அது போட்ட சட்டத்துக்கு அதுவே எப்டி யக்கா தடை கேக்கும்? பாதிக்கப்பட்டவங்கதான் கேக்கணுமாம்.”

“அப்டியா?” என்றாள் வேம்பு, முதல்தடவை கேட்கிறவள் மாதிரி. “சட்டத்தப் பாக்காம அடிச்சிட்டுப் போயிடேன். உன்ன யாரு கேப்பா?”

“நான் கொண்டாந்த சட்டம் யக்கா. ஒரு அடி வியுந்தா போதும், எல்லா டிவிக்காரனும் என்ன உரிச்சிடுவான். எதிர்க்கட்சிக்காரன் தேரடியில சேரு போட்டு உக்காந்துகினு கீறான்.”

“வண்டி கீது. நேரா சுடுகாடு.”

கஜபதியின் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, நடிப்பாக இருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

“அப்பாவுண்ணன் அடிக்கிறேன்னு எங்கம்மாவுக்கு வாக்கு குட்த்துருக்காரு யக்கா.”

வேம்புவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மீனின் வயிற்றைக் கீறியது.

“வக்கீலாண்ட சொல்றேன்” என்றாள்.

எம்.எல்.ஏ. கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் கீழே போய்ச் சேர்வதற்குள் வேம்பு சங்கமித்ராவுக்கு ஃபோன் போட்டாள்.

“நாளைக்கு வாய்தா கேளு.”

“இன்னாது?”

“வாய்தா. அவங்க மட்டும்தான் கேக்கணுமா, நாம கேக்கக் கூடாதா?”

“பெரிம்மா, தடை கைக்கு வர்ற நேரம். வர்றத வாங்கிப் போட்டுக்கணும். இப்ப வுட்டா அவன் சொம்மா இருக்க மாட்டான். சட்டத்தையே வாபஸ் வாங்க வச்சிடுவான். சட்டம் இல்லன்னா நம்ம மனுவும் செத்துப்பூடும். தப்புன்னு ஜட்ஜு எயுதவே மாட்டாரு. பெரிப்பாவுக்கு நடந்தது தப்புன்னு எங்கியும் இருக்காது. புரியுதா?”

“புரியுது.”

“புரிஞ்சிகினுதான் சொல்றியா?”

“நாளைக்கு அந்தச் சட்டம் உசுரோட இருக்கணும் மித்ரா. ஒரே ஒரு நாள். அவன் பெத்த சட்டம், அவனப் பெத்தவள இட்டுகினு போவட்டும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த நிலவன், “யம்மா, அந்தக் கெயவி இன்னா பண்ணுச்சு?” என்றான்.

“உங்கப்பன் இன்னா பண்ணாரு?” என்றாள் வேம்பு. அன்றைக்கு அந்த வீட்டில் காரப்பொடிக் குழம்பு வைத்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஐகோர்ட்டில் நடந்ததை வக்கீல்கள் இன்னும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாதக்கணக்கில் இழுத்தடித்த அரசு வக்கீல் முதல் ஆளாக எழுந்து, தடை விதிப்பதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். நீதிபதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கமித்ரா எழுந்தாள்.

“மை லார்ட், மனுதாரர் தரப்பில் இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்.”

“அவகாசமா? நீங்கள் கேட்ட தடையை அவர்களே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், அம்மா.”

“மனுதாரரின் தொகுதியில் துக்கம் நேர்ந்துவிட்டது, மை லார்ட். சட்டமன்ற உறுப்பினரின் தாயார் மறைவு. மனுதாரர் இன்று வழக்கை நடத்தும் மனநிலையில் இல்லை.”

பின் பெஞ்சில் மனுதாரர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் அவகாசம் தரவே கூடாது, வழக்கு மிக அவசரம் என்று வாதாடினார். “நீங்கள் வாங்கிய வாய்தாக்களில் ஒன்றை அவர்களுக்கும் கொடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார்.

சட்டம் உயிரோடு இருந்தது.

வேம்புவும் ரஹீமும் பஸ்ஸில் திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கன்டெய்னர் வரிசை. பஸ் நகரவில்லை. வெயிலில் தார் இளகி, டீசல் புகையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடித்தது. இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில், ரெண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், மூடிய வெள்ளை வண்டி ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. பூ இல்லை, சத்தம் இல்லை, கண்ணாடியில் தாயம்மா படம். முன்னால் நின்ற லாரியின் டிரைவர் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. லாரிக் கதவைத் தடியால் தட்டிக்கொண்டிருந்தார். கஜபதி வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். ரெண்டு கேமரா அன்றைக்கும் வந்திருந்தது, கூப்பிடாமலே.

வேம்பு நேராக எஸ்.ஐ.யிடம் போனாள்.

“சார், பொணம் நிக்கிது.”

“ஏம்மா, டிராஃபிக்கு தெரியல?”

“எக்காரணம் கொண்டும்னு போட்டுக்குதாமே சார். அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு நின்னப்ப நீங்கதான் எயுதுனீங்கோ. எங்களுக்கு எயுதுன பேனா எங்க?”

“யம்மா, போம்மா. பெரிய எடத்து சாவு.”

“பெரிய எடமா? லிஸ்டுல திருவொத்தியூரு இல்லியா? கீதே. கேமராவாண்ட கேட்டுட்டுமா?”

கேமரா தானாகவே திரும்பியது. எஸ்.ஐ. எம்.எல்.ஏ.வைப் பார்த்தார், எம்.எல்.ஏ. தரையைப் பார்த்தார். கடைசியில், அரசாங்க உத்தியோகத்தில் ஒரு மனிதன் எவ்வளவு மெதுவாகப் பேனாவைத் திறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திறந்து, எஸ்.ஐ. எழுதினார். ஏழாம் பிரிவு. சடலம் நின்றது. நிறுத்தியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் சற்று யோசித்தார்.

“கஜபதின்னு எயுதுங்க சார்” என்றாள் வேம்பு. “லாரிய யாரும் எப்பவும் எயுதுறதில்ல.”

அப்புறம் கஜபதியின் பக்கத்தில் போனாள். குனிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“சத்தமில்லாம போறதும் ஒரு அயகுதான் கஜா.”

அவள் திரும்பியபோது ரஹீம் வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தை ஒட்டி நின்றிருந்தான். அவன் உள்ளங்கை தகரத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. வேம்பு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம்.”

“தாயம்மா ஆயா, அண்ணி…”

“தெரியும். வா.”

லாரி டிரைவர் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, வண்டியை நகர்த்தினார். தாயம்மா தேரடி மேளம் கேட்காமல் நேராகச் சுடுகாடு போய்ச் சேர்ந்தாள். கண்ணியமாக.

அடுத்த கூட்டத்தொடரில் சட்டம் ரத்தானது. மக்களின் உணர்வுகளை மதிப்பதாகக் கஜபதி பேசியதாகவும், நடுவில் தழுதழுத்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. ஆக, அவர் சட்டமன்றத்தில் ரெண்டு தடவை பேசியிருக்கிறார் என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

வழக்கு வந்த அன்று சங்கமித்ரா முடிந்தவரை வாதாடினாள். சட்டம் போனாலும் நடந்த அநியாயம் போகவில்லை, அது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டாள். நீதிபதிகள் அனுதாபத்தோடு கேட்டார்கள். பிறகு, சட்டமே இல்லாத நிலையில் மனு பயனற்றுப்போனது என்று முடித்துவைத்தார்கள். ஏழாம் பிரிவுக் கேஸ் ரெண்டும், அப்பாவுவுக்கு எழுதியதும் தாயம்மாவுக்கு எழுதியதும், ஒன்றாகவே செத்தன.

வெளியே வந்து அத்தோ கடையில் நின்றார்கள். யாருக்கும் பசியில்லை.

“அப்ப அவருக்கு பண்ணது தப்புன்னு எயுதல?”

“எயுதல பெரிம்மா.”

“அன்னிக்கி தடை வாங்கியிருந்தா எயுதியிருப்பாங்களா?”

சங்கமித்ரா தட்டிலிருந்த முட்டைகோஸைக் கிளறினாள். பொய் சொல்லத் தெரிந்த வக்கீல்தான், அன்றைக்கு முடியவில்லை. “எயுதியிருக்கலாம்” என்றாள். “சட்டத்த வாபஸ் வாங்குறதுக்கு அவனுக்கு அவசரம் வந்திருக்காது.”

வேம்பு தலையாட்டினாள். தட்டைக் கீழே வைத்தாள். “பரவால்ல. கஜபதி மூஞ்சி போச்சு. நான் கேட்டது அதுதான” என்றாள். சொன்ன குரலில் ஜெயித்தவளின் சத்தம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

மேளம் ஸ்டேஷனிலிருந்து வந்தது. தோல் தளர்ந்து, ஒன்றில் எலி கடித்திருந்தது. ரஹீம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் காயவைத்து, வார் இழுத்துக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்பாவு செத்து வருஷம் திரும்பிய அன்று பாடை கட்டினார்கள். பூப் பாடை. உள்ளே அவர் படம்; முதல்தடவையாகக் கழுத்தில் மாலை. பூமாரி மீஞ்சூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள், யாரும் ஓட வேண்டியதில்லை. செட்டு முழுக்க வந்தது. எர்ணாவூரிலிருந்து கிளம்பி, ரோடெல்லாம் ரோஜா இதழ் இறைத்து, வெடி போட்டு, ஒவ்வொரு முனையிலும் நின்று, ஆடி, மறுபடி நகர்ந்து, ஒரு மைல் தூரத்துக்குக் கன்டெய்னர் லாரிகளைப் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு போனார்கள். நிலவன்கூட ஆடினான். பயந்தவனாக இருந்தாலும் அப்பன் தாளம் காலுக்குத் தெரியும்.

சுடுகாட்டுக்குப் போகும் வழி தேரடி இல்லை. ஆனாலும் தேரடி வழியாகத்தான் போனார்கள். கஜபதி வீட்டு இரும்புக் கேட்டுக்கு நேராக வேம்பு கையைத் தூக்கினாள். மேளம் நின்றது.

அந்த அமைதியில் கேட் திறந்தது. கஜபதி வந்தார். துண்டு இல்லை, ஆள் இல்லை. பாடையைக் கும்பிட்டார். ஒரு பிடி பூ எடுத்துப் போட்டார். அப்புறம் வேம்புவைப் பார்க்காமல், ரஹீமைப் பார்த்துச் சொன்னார்:

“எங்கம்மாவுக்கும் ஒரு சுத்து அடிச்சிட்டு போங்க.”

ரஹீம் வேம்புவைப் பார்த்தான். தெருவே பார்த்தது.

“நீ இப்ப பாதிக்கப்பட்டவனா கஜா?” என்றாள் வேம்பு.

“ஆமா யக்கா.”

“அப்ப மனு போடு.”

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எம்.எல்.ஏ. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேம்பு பாடையைத் தூக்கியவர்களிடம் இறக்கச் சொன்னாள். நடு ரோட்டில், அவர் வாசலுக்கு நேராக, அப்பாவு நின்றார்.

“ரஹீமு, எல்லாருக்கும் டீ சொல்லு.”

ரஹீம் எதிரிலிருந்த டீக்கடையைப் பார்த்தான். பிறகு மாடியில், திரை மூடிக் கிடந்த அந்த ஏ.சி. அறையின் ஜன்னலைப் பார்த்தான்.

“நடுவுல டீ குடிக்கப் போனா கெயவி எழுந்துரும் அண்ணி.”

வேம்புவும் அண்ணாந்து பார்த்தாள்.

“எழுந்து வரட்டும்” என்றாள். “அன்னிக்கி மோளத்த தடுத்ததுக்கு எனக்கு அவளாண்ட பேச வேண்டியது கீது.”

டீ வரும்வரை அங்கேயே நின்றாள்.